18 வயதுக்குப் பின்: அரசுப் பராமரிப்பில் வளர்ந்த தலித் இளைஞர்களும் பிற்காப்பு உரிமையும்

பெரும்பாலான வீடுகளில் 18ஆம் பிறந்த நாள் பெரிய மாற்றம் எதுவும் இன்றிக் கடந்துவிடுகிறது. மறுநாளும் அந்த இளைஞர் அதே வீட்டில் உறங்கி எழுந்து கல்லூரிக்குச் செல்கிறார். குழந்தைகள் இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளர்ந்தவருக்கு அந்த நாள் வேறானது. சட்டத்தின் பார்வையில் அவர் இனிக் குழந்தை அல்லர். இருப்பிடம், உணவு, பொறுப்பேற்கும் ஒரு பெரியவர் ஆகிய மூன்றையும் அவர் ஒரே நாளில் இழக்கக்கூடும். அவர் தலித்தாக இருந்தால் நான்காவதாக ஒன்றையும் இழக்கும் ஆபத்து உண்டு: தம் சாதியை மெய்ப்பிக்கும் ஆவணம். பிற்காப்புக்கான ஏற்பாடு 15, 16 வயதிலேயே தொடங்க வேண்டும் என்பதும், தலித் குழந்தைக்கு அதன் முதல் பணி சாதிச் சான்றிதழாக இருக்க வேண்டும் என்பதும் எங்கள் நிலைப்பாடு.

சட்டம் தருவதும் தராததும்

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 18 வயது நிறைந்து 21 வயது நிறையாதவருக்கு அளிக்கப்படும் நிதி மற்றும் பிற ஆதரவைப் பிற்காப்பு என வரையறுக்கிறது. பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறுபவருக்கு நிதி உதவி ‘வழங்கப்படலாம்’ என்கிறது பிரிவு 46. ‘வழங்கப்பட வேண்டும்’ என்று அது கூறவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் உறுப்போ, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலன்களை அரசு தனிக் கவனத்துடன் வளர்க்க வேண்டும் என்கிறது. அது நெறிமுறைக் கோட்பாடு என்பதால் நேரடியாக நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கோர இயலாது. ஆயினும் ‘லாம்’ என்ற சொல்லை எவ்வாறு பொருள் கொள்வது என வாதிடும்போது அதைத் துணைக்கு அழைக்கலாம்.

மற்றொரு குறையும் உண்டு. வரையறையும் பிரிவு 46உம் ‘நிறுவனப் பராமரிப்பை’ விட்டு வெளியேறுவோரை மட்டுமே குறிப்பிடுகின்றன. பிரிவு 44இன்படி வளர்ப்புக் குடும்பத்தில் ஒப்படைக்கப்பட்டவர் 18 வயதை எட்டும்போது என்ன ஆவார் என்பதற்கு இவற்றில் தெளிவான விடை இல்லை. குடும்பச் சூழல் நிறுவனத்தைவிட மேலானது என்று கூறும் அதே சட்டம், அங்கு வளர்ந்தவரைப் பிற்காப்பின் வாயிலில் நிறுத்திவிடுகிறது. இது திருத்தப்பட வேண்டிய குறை.

2016ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகளில் விதி 25 இதைவிட விரிவானது. குழந்தை வெளியேறுவதற்கு 2 மாதங்களுக்கு முன்பே விடுவிப்புக்குப் பிந்தைய திட்டத்தை எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடமோ இளைஞர் நீதிக் குழுமத்திடமோ அளிக்க வேண்டும். 21 வயதுக்குப் பின்னும், விதிவிலக்கான சூழலில், மேலும் 2 ஆண்டுகள் ஆதரவு நீட்டிக்கப்படலாம். பணம் இளைஞரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்ல வேண்டும். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இதற்கு மாதம் ₹4,000 என வகுத்துள்ளன. நகரத்தில் அறை வாடகைக்கே அத்தொகை போதாது என்பதை இதை வாசிக்கும் மாணவர்கள் அறிவார்கள்.

மேற்பார்வையுடன் கூடிய தனிவாழ்வு

விதி 25 குறிப்பிடும் சேவைகளில் முதன்மையானது, 6 முதல் 8 பேர் வரை சேர்ந்து வாழும் தற்காலிகக் குழு வீடு. அவர்களே சமைப்பார்கள், வரவு செலவு பார்ப்பார்கள், படிக்கவோ பணிக்கோ செல்வார்கள். ஓர் ஆலோசகர் அவர்களுடன் தொடர்ந்து தொடர்பில் இருப்பார். முதல் மாதச் சம்பளத்தை ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டால், அந்தப் பிழையே பாடமாகட்டும் என விட்டு, மறு மாதத்துக்குத் திட்டமிட அவர் உடனிருப்பார். பெற்றோர் உள்ள வீடுகளில் தானாக நிகழ்வதை இங்கே ஏற்பாடாகச் செய்கிறோம்.

அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டின் சேஃபி சட்டம் இத்தகைய தயாரிப்புக்கு நிதி ஒதுக்கியது. 2008ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் ஒன்றிய நிதியுடன் வளர்ப்புப் பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்க வழிசெய்து, மேற்பார்வையுடன் தனித்து வாழும் இடத்தையும் பராமரிப்பின் ஒரு வடிவமாக ஏற்றது. படிப்பது, மாதம் 80 மணி நேரமாவது வேலை செய்வது போன்ற நிபந்தனைகள் உண்டு. பராமரிப்பை நீட்டிப்பதும் தனிவாழ்வைப் பழக்குவதும் ஒன்றாக நடக்க இயலும் என்பதே அதில் நாம் கற்க வேண்டியது.

நம் நாட்டில் குழு வீட்டுக்கு மேலும் ஒரு தேவை இருக்கிறது. வாடகைக்கு அறை கேட்கும் இளைஞரிடம் “சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்? நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கப்படுகிறது. பெற்றோர் இல்லாத தலித் இளைஞர் இந்த மூன்று கேள்விகளிலும் தோற்கடிக்கப்படுகிறார். ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தாலும், விடுமுறையில் விடுதி பூட்டப்படும்போது அவர் செல்வதற்கு ஒரு வீடு வேண்டும்.

சாதிச் சான்றிதழ் என்னும் முதல் ஆவணம்

அந்த விடுதிக்கும், மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கும், தமிழ்நாட்டில் 3 விழுக்காடு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டை உள்ளடக்கிய 18 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். இல்லத்தில் வளர்ந்தவர் அதை இழக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிப்பார் இன்றி, அரசின் அல்லது அரசு ஏற்பு பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு அதில் இடமுண்டு. சாதி அறியப்படாத குழந்தைக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் சாதி அறியப்பட்ட தலித் குழந்தையையும் எளிதான வழி என்று அதே பட்டியலில் சேர்ப்பது உரிமையைப் பறிப்பதாகும்.

இரண்டாவது, மதம் குறித்த பதிவு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சார்ந்தோரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. இல்லத்தை நடத்துவோரின் மதத்தைக் குழந்தையின் மதமாகக் கவனமின்றி எழுதிவிட்டால், பின்னர் அதை மறுத்து மெய்ப்பிக்கும் சுமை இளைஞரின் தலையில் விழுகிறது.

மூன்றாவது, ‘தந்தையின் சான்றிதழைக் கொண்டு வா’ என்ற வழக்கம். ரமேஷ்பாய் தபாய் நாயக்கா வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம், சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்குத் தந்தையின் சாதியே என்பது மறுக்கத்தக்க அனுமானம் மட்டுமே என்றது. பட்டியல் சாதியை அல்லது பழங்குடியைச் சேர்ந்த தாயால் வளர்க்கப்பட்டதைச் சான்றுகளால் நிறுவலாம். வளர்ப்புப் பராமரிப்பு தத்தெடுப்பு அன்று என்பதையும் நினைவில் கொள்வோம். அதில் பெற்றோருடனான சட்ட உறவு அறுவதில்லை. எனவே வளர்ப்புக் குடும்பத்தின் சாதியைக் குழந்தைக்கு எழுதக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

15 வயதில்: குழந்தையின் சமூக விசாரணை அறிக்கையில் சாதியும் மதமும் எவ்வாறு பதியப்பட்டுள்ளன எனப் பார்க்கக் கோருவோம். உறவினர், ஊரார் வாக்குமூலம், உடன்பிறந்தாரின் சான்றிதழ், பழைய பள்ளிப் பதிவு ஆகியவற்றை அப்போதே திரட்ட வேண்டும். ஆண்டுகள் கடக்கக் கடக்கச் சான்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

16 வயதில்: குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு. 10 வயதுக்கு மேற்பட்டோர் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி 2014இலேயே வழிவகுத்துள்ளது. சமையல், மருத்துவமனைப் பதிவு, மனு எழுதுதல் ஆகியவற்றையும் இப்போதே பழக்க வேண்டும்.

17 வயதில்: வட்டாட்சியரிடமிருந்து சாதிச் சான்றிதழ் கைக்கு வந்திருக்க வேண்டும். பிற்காப்புக்கான எழுத்துப்பூர்வ மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் அளித்து ஒப்புகை பெறுவோம். திட்டத்தை எழுதும்போது அந்த இளைஞரும் உடனிருக்க வேண்டும்.

மறுக்கப்பட்டால்: பிற்காப்பு குறித்த குழுவின் முடிவை எதிர்த்து, பிரிவு 101இன்படி 30 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் கேட்டுப் பெறுவது அதற்கு முதற்படி.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலும் இல்லத்தில் வளர்ந்த ஒருவர் இருக்கலாம். அவர் அதைச் சொல்லத் தயங்கக்கூடும். அவரைச் சொல்லவைக்க வேண்டியதில்லை. வாடகைக்கு அறை தேடும்போது உடன் செல்வதும், வட்டாட்சியர் அலுவலகத்தில் அருகில் நிற்பதும், விடுமுறைக்கு வீட்டுக்கு அழைப்பதும் போதும். அரசு தர வேண்டியதை அரசிடம் கேட்டுப் பெறுவோம். அது கிடைக்கும் வரை அவர் தனியே நிற்காதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.