ஆட்டோபான் ஹிட்லர் போட்ட ரோடா?

ஜெர்மனின்னு பேச்செடுத்தா, "என்ன இருந்தாலும் ஆட்டோபான் போட்டது ஹிட்லர்தானேப்பா" என்று சொல்ல ஒருத்தராவது கிளம்பிடுவார். கொஞ்சம் வருஷக் கணக்கைப் பார்த்துடலாமா?

கொலோனில் இருந்து பான் நகருக்கு சுமார் 20 கிலோமீட்டர். குறுக்கே எந்த ரோடும் கிடையாது, மோட்டார் வண்டிகளுக்கு மட்டும். 1932 ஆகஸ்ட் 6 அன்று இதைத் திறந்து வைத்தவர் கொலோன் மேயர் கோன்ராட் அடினாவர். ஹிட்லர் பதவிக்கு வந்ததே 1933 ஜனவரியில்தான்!

வந்தவங்க முதல்ல மேயரைத் தூக்கினாங்க. அப்புறம் அந்த ரோட்டையும் சாதாரண சாலைன்னு தரம் இறக்கினாங்க. 1933 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹிட்லர் மண்வெட்டியோடு போஸ் கொடுத்தார். அவ்வளவுதான், ஆட்டோபான் அவர் பெயருக்குப் போயாச்சு.

அதுக்கப்புறம் 3000 கிலோமீட்டருக்கு மேல் போட்டது நிஜம்தான். ஆனா போர்க்காலத்தில் அந்த வேலையில் யூதர்களைக் கட்டாயமா வாட்டி எடுத்ததும் நிஜம். அதை யாரும் சேர்த்துச் சொல்றதில்லை.

தூக்கப்பட்ட அடினாவர் 1949-ல் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனார். அவர் திறந்த ரோடு இன்னிக்கும் ஏ555 என்ற பெயரில் ஓடிக்கிட்டிருக்கு. அடுத்த தடவை யாராவது ஆரம்பிச்சா, 1932-ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.