கூரையேறிய செடம்

ஏறத்தாழ கி.பி. 800இல், பேரரசர் சார்லமேனின் பண்ணைகளுக்காக இயற்றப்பட்ட ஆணை, தன் மூலிகைப் பட்டியலின் முடிவில், தோட்டக்காரர் தம் வீட்டுக் கூரைமேல் செம்பர்வைவம் என்னும் சதைப்பற்றுச் செடியை வளர்க்க வேண்டும் எனப் பணித்தது. அச்செடி இடியைத் தடுக்கும் என ஐரோப்பிய மக்கள் நம்பினர்.

நம்பிக்கை எவ்வாறாயினும், தேர்வு மிகச் சரியானதே. செம்பர்வைவத்தைப் போலவே கூரைக்கு ஏற்ற, அதே குடும்பத்தைச் சேர்ந்த செடம், தரையோடு படர்ந்து, அரிசிமணி அளவேயான தடித்த இலைகளில் நீரைச் சேமித்து, வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பதாலும், ஒடிந்து விழும் துணுக்கும் வேர்பிடிப்பதாலும், விரற்கடை மண்ணிலும் தழைத்து, கோடையில் மஞ்சள் விண்மீன்களாகப் பூக்கிறது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் செடம் ஆக்ரே எனப் பெயரிட்ட இந்தச் செடம் இனம் பாறைத் தோட்டங்களின் அணியாயிற்று; ஜெர்மனியில் வளர்ந்த பசுங்கூரைத் தொழில்நுட்பம் செடத்தையும் கூரைக்கே கொண்டுவந்தது. அமெரிக்காவின் டியர்பார்ன் நகரிலுள்ள ஃபோர்டு ஆலையின் கூரையில் சுமார் 10 ஏக்கர் பரப்பில் செடம் வகைகள் நடப்பட்டுள்ளன.