கிட்டாரும் தாளப்பொறியும்

யாப்பை விட்டால் கவிதை உண்டா என்று ஒரு சாராரும், யாப்பையே பற்றி நின்றால் கவிதை மிஞ்சுமா என்று மறுசாராரும் நம் வட்டத்தின் கூட்டங்களில் பத்தாண்டுகளாக வாதிட்டு வருவதை அன்பர்கள் அறிவர். ஏறத்தாழ இதே வழக்கு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள மான்செஸ்டர் நகரில், கிட்டார் இசைக்கும் இளைஞர் குழுக்களிடையே 1980-களில் நடந்தது. அவ்வழக்கின் ஒரு பக்கம் கிட்டார். மறுபக்கம் மனிதக் கை படாமல் தானே தாளமிடும் பொறி. மேலை இசை பற்றி எழுதத் தமிழாசிரியை ஒருத்திக்கு என்ன தகுதி என்று கேட்பாரும் இருக்கலாம். சந்தத்தின் வரலாற்றில் ஆர்வமுடைய வாசகி என்பதற்கு மேல் எனக்குத் தகுதி ஏதும் இல்லை. அதுவே போதும் என்று கருதுகிறேன்.

மான்செஸ்டர் பருத்தி நகரம். நம் நெசவாளரின் தறிகளை ஓயச்செய்த துணி அந்நகரைச் சூழ்ந்த லங்காஷயர் ஆலைகளிலிருந்து வந்தது என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் 1970-களில் அந்த ஆலைகளும் ஓய்ந்துகொண்டிருந்தன. 1982-இல் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. ஆளற்ற கிடங்குகளும் கரிபடிந்த செங்கற் சுவர்களுமே அத்தலைமுறை இளைஞர் கண்ட நகரம்.

1976-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் அந்நகரின் சிறு அரங்கு ஒன்றில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் இலண்டன் குழு இசைத்தது. கேட்டோர் மிகச் சிலரே. அவர்களுள் பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக் என்னும் இரு நண்பர்கள் இருந்தனர். இசை கற்றவர்கள்தாம் மேடையேற வேண்டும் என்பதில்லை என்று அன்றிரவு கண்டுகொண்ட ஹுக், மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். இயன் கர்டிஸ் பாடகராகவும், ஸ்டீபன் மாரிஸ் டிரம் வாசிப்பவராகவும் வந்து சேர, ஜாய் டிவிஷன் என்னும் குழு உருவாயிற்று. சம்னரின் கிட்டார் ஒலிபெருக்கி பேரொலி எழுப்பியதால் தம் கருவியின் தாழ்ந்த சுரங்கள் தம் காதுக்கே எட்டவில்லை என்று ஹுக் உயர்ந்த சுரங்களையே வாசித்தார். அடித்தளமாக நிற்க வேண்டிய பேஸ் இதனால் பண்ணிசைக்கும் கருவியாயிற்று. அரங்கேற்று காதையில் ஒரு கருவியை மற்றொரு கருவி அடியொற்றிச் செல்லும் முறையைப் பயின்ற நமக்கு, இந்த முறைமாற்றம் எத்தகையது என்பது விளங்கும். பிற்காலத்தில் தாளத்தைப் பொறி ஏற்றுக்கொண்டபோது அக்குழுவுக்கெனத் தனிக்குரல் ஒன்று எஞ்சியிருந்ததற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அவர்களது முதல் முழுநீள இசைத்தட்டை 1979-இல் வெளியிட்டது ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ். கிரானடா தொலைக்காட்சியில் பணியாற்றிய டோனி வில்சனும் அவர் நண்பர் ஆலன் எராஸ்மஸும் தொடங்கிய சிறு நிறுவனம் அது. இலண்டனின் பெருநிறுவனங்களைச் சாராது நின்ற இத்தகைய நிறுவனங்களின் இசையே ‘இண்டி’ எனப்பட்டது. பதிவை நெறிப்படுத்திய மார்ட்டின் ஹானெட், டிரம்மின் ஒவ்வோர் ஓசையையும் தனித்தனியே பிரித்துப் பதிந்து, மின்னணுக் கருவியால் எதிரொலி ஏற்றினார். பொறி வருமுன்பே மனிதன் பொறி போல் ஒலித்த கதை இது.

1980 மே 18 அன்று, முதன்முதலாக அமெரிக்கப் பயணம் புறப்படவிருந்த நாளுக்கு முந்தைய நாள், இயன் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். அகவை 23. வலிப்பு நோயும் மனத்துயரும் அவரை வாட்டியிருந்தன. எவரேனும் ஒருவர் நீங்கினால் குழுவின் பெயரையே கைவிடுவது என்று நால்வரும் முன்னரே பேசியிருந்தனர். எஞ்சிய மூவரும் அதன்படியே நியூ ஆர்டர் என்று பெயர் பூண்டனர். அவ்வாண்டு இறுதிக்குள் கில்லியன் கில்பர்ட் என்னும் இளம்பெண் நான்காமவராகச் சேர்ந்தார். சம்னர் பாடினார், வேறு வழியின்றி. ஓராண்டுக் காலம் அவர்கள் இறந்தவரின் நிழலிலேயே இசைத்தார்கள். அப்பதிவுகளில் துயரம் இருக்கிறது, வழி இல்லை. அவர்கள் வழி கண்டது ஆடரங்கில். அமெரிக்கா சென்றபோது நியூயார்க்கின் இரவு ஆடரங்குகளில் கேட்ட இசையும், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் இசையும் அவர்களுக்குத் துணை நின்றன. இரங்கற்பாவிலிருந்து ஆடற்பாட்டுக்கு நடந்த பயணம் என்று இதனைச் சொல்லலாம். ஆயினும் இரங்கல் ஆடலுக்குள்ளும் உடன் வந்தது.

1983 மார்ச்சில் வெளிவந்தது ‘புளூ மண்டே’. ஏழரை நிமிடம் ஓடும் 12 அங்குலத் தட்டு. ஓபர்ஹைம் நிறுவனத்தின் டி.எம்.எக்ஸ். என்னும் தாளப்பொறி அதில் அடிக்கிறது. சுரங்களை வரிசைப்படுத்தி இசைக்கும் கருவியை, உதிரி உறுப்புகளை வாங்கிச் சம்னரே பற்றவைத்துச் செய்திருந்தார். அந்தச் சுர வரிசையை எழுதிக் கருவிக்குள் ஏற்றியவர் கில்பர்ட். பதிவுக்கூடத்தின் நீளத்துக்குத் தாள் நீண்டது என்றும், கம்பளிப் பின்னலுக்கான மாதிரித்தாள் போல் அது இருந்தது என்றும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எண்ணி எண்ணி ஏற்றியதில் ஒரு சுரம் விடுபட்டுப்போயிற்று. அதனால் பண் தாளத்தினின்று சற்றே விலகி ஓடுகிறது. உலகம் முழுவதும் ஆடிய அப்பாட்டின் அழகில் ஒரு பங்கு அந்த விலகலுக்கு உரியது. தளை தட்டிய இடத்தில் கவிதை பிறப்பதை அறியாதவரா நாம்? இக்குழு பற்றிய நூல்களில் ஹுக், சம்னர் பெயர்கள் பக்கந்தோறும் வருகின்றன. கில்பர்ட்டைத் தேடித்தான் படிக்க வேண்டியுள்ளது. கோலம் போடுபவளின் கணக்கை எவரும் கணக்கு என்று சொல்வதில்லை அல்லவா?

அத்தட்டின் உறை கணினியின் நெகிழ்தட்டு வடிவில் பீட்டர் சாவில் வரைந்தது. அதன் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஓரத்தில் உள்ள வண்ணக் கட்டங்களே எழுத்துகளாகி அவற்றை உணர்த்துகின்றன. அச்சுச் செலவு மிகுதியால் ஒவ்வொரு தட்டுக்கும் நிறுவனம் நட்டப்பட்டது என்றொரு கதை உண்டு. சாவில் அதனை ஏற்பதில்லை. 12 அங்குலத் தட்டுகளில் மிகுதியாக விற்றது இதுவே என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஃபாக்டரியின் பணமும் நியூ ஆர்டரின் வருவாயும் ஒரு கட்டடத்துள் சென்றன. விட்வொர்த் தெருவில் முன்பு படகு விற்பனைக் கூடமாக இருந்த இடத்தில், 1982 மே 21 அன்று ‘ஹசியெண்டா’ என்னும் ஆடரங்கம் திறக்கப்பட்டது. முதற்சில ஆண்டுகள் பெரும்பாலும் வெறிச்சோடியே கிடந்தது. நிலைமையை மாற்றியது அமெரிக்காவிலிருந்து வந்த தட்டுகள். சிகாகோ நகரில் ‘வேர்ஹவுஸ்’ என்னும் அரங்கில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்றி வளர்த்த இசைக்கு, அவ்வரங்கின் பெயரை ஒட்டியே ‘ஹவுஸ்’ என்று பெயர். அங்கு ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் இலத்தீன் வழியினருமான, தற்பாலீர்ப்பு உடைய இளைஞர்கள். சமூகம் இருமுறை புறந்தள்ளியவர்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு மாற்றாக ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்து, விலைபோகாமல் 1984-இல் கைவிட்ட டி.பி. 303 என்னும் சிறுபெட்டியைச் சிகாகோ இளைஞர்கள் பழைய விலைக்கு வாங்கி, அதன் குமிழ்களைத் திருகி, எவரும் கேளாத ஓசையை எழுப்பினர். மான்செஸ்டரின் புகழ் பேசுவோர் இக்கடனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது முறையன்று.

மைக் பிக்கரிங் வெள்ளிக்கிழமை இரவுகளில் அத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். 1988 கோடையில் ஹசியெண்டா நிரம்பி வழிந்தது. கிட்டார்க் குழுவினர் அங்கே ஆடிவிட்டுத் தம் பயிற்சிக் கூடங்களுக்குத் திரும்பினர். திரும்பியவர்களின் தாளம் மாறியிருந்தது. ஸ்டோன் ரோசஸ் குழுவின் ‘ஃபூல்ஸ் கோல்ட்’ 1989 நவம்பரில் வந்தது. ஏறத்தாழ 10 நிமிடம் ஒரே தாளத்துண்டு சுழன்று சுழன்று வர, அதன்மேல் கிட்டார் படர்கிறது. பல்லவி, சரணம் என்ற கட்டுக்கோப்பைவிடச் சுழற்சியே அங்கு முதன்மை பெற்றது. அம்மாதத்திலேயே அவர்களும் ஹாப்பி மண்டேஸ் குழுவினரும் பி.பி.சி.யின் ஒரே நிகழ்ச்சியில் தோன்றினர். ஹாப்பி மண்டேஸின் ஷான் ரைடரை, ஏட்ஸுக்குப் பின் வந்த பெருங்கவிஞர் என்று டோனி வில்சன் சொல்லித் திரிந்தார். வணிகர் பேச்சு என்றே அதனைக் கொள்வேன். ஆனால் தெருப்பேச்சையும் பிள்ளைப் பாட்டையும் தாளத்தில் உருட்டிவிடும் திறன் ரைடரிடம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

ஸ்காட்லாந்துக் குழுவான பிரைமல் ஸ்கிரீமின் கதை கவிஞர்களுக்கு இன்னும் சுவையானது. 1989-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோகப் பாடலை, ஆடரங்கில் தட்டுச் சுழற்றும் ஆண்ட்ரூ வெதரால் என்பவரிடம் மாற்றியமைக்கக் கொடுத்தனர். அவர் தயங்கித் தயங்கி மேலோட்டமாகத் திருத்திக் கொண்டுவந்தார். முழுவதும் உடைத்துப் போடு என்றார் குழுவின் கிட்டார்க் கலைஞர் ஆண்ட்ரூ இன்னஸ். வெதரால் பாடலின் பெரும்பகுதியை நீக்கினார். ஒரு பழைய திரைப்படத்தின் பேச்சை முன்னே வைத்தார். எஞ்சிய துண்டுகளைத் தாளத்தின்மேல் அடுக்கினார். அதுவே 1990-இல் ‘லோடட்’ என வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்கிரீமடெலிகா’, 1992-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட மெர்க்குரி பரிசைப் பெற்றது. தன் படைப்பை அயலான் கையில் கொடுத்து, உடை என்று சொல்லும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு இல்லை.

மகிழ்ச்சியின் கணக்கு விரைவில் வந்தது. எக்ஸ்டஸி மாத்திரை உண்டவர்கள் மது வாங்கவில்லை, தண்ணீரே குடித்தனர். அரங்கம் நிரம்பியும் கல்லாப்பெட்டி நிரம்பவில்லை. 1989-இல் அங்கு மயங்கி விழுந்த 16 அகவைச் சிறுமி ஒருத்தி இறந்தாள். போதை வணிகரின் துப்பாக்கிகள் வாயிலுக்கு வந்தன. 1992 நவம்பரில் ஃபாக்டரி நொடித்தது. அதனை வாங்க வந்த இலண்டன் நிறுவனம், இசை முழுதும் இசைப்பவர்க்கே உரியது என்ற பழைய உடன்படிக்கைத் தாளைக் கண்டு, வாங்க ஒன்றுமில்லை என்று விலகிற்று. அறம் சார்ந்த அந்த ஏற்பாடே நிறுவனத்துக்குக் கூற்றாயிற்று. ஹசியெண்டா 1997-இல் மூடப்பட்டு, 2002-இல் இடிக்கப்பட்டது. அதே பெயரில் அங்கு அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது.

இதற்கிடையே அரசு தாளத்துக்கே இலக்கணம் வகுத்தது. திறந்தவெளியில் இரவில் கூடி ஆடுவோரைக் கலைக்க 1994-இல் இயற்றிய சட்டம், மீண்டும் மீண்டும் வரும் அடிகளால் ஆன ஒலியையும் இசை என்ற சொல்லுள் அடக்கி எழுதப்பட்டது. தொல்காப்பியர் வண்ணம் இருபது என்றார். அவர் கேட்டவற்றுக்குப் பெயரிட்டார், தடைசெய்ய அன்று. மான்செஸ்டரை அடுத்த ராச்டேலைச் சேர்ந்த ஆட்டெக்கர் என்னும் இருவர், எந்த இரு தாள வட்டணையும் ஒன்றுபோல் இராதவாறு ஒரு பாடலை அமைத்து அவ்வாண்டே வெளியிட்டனர். அதனை ஒலிக்கும்போது வழக்கறிஞரையும் இசையறிஞரையும் உடன் வைத்துக்கொள்க என்று உறையில் அறிவுரை வேறு! சட்டத்துக்கு யாப்பால் விடை சொன்ன நிகழ்ச்சியாக அதனை நான் போற்றுகிறேன்.

இவ்வரலாற்றில் தமிழ்க்குரலும் ஒன்று உண்டு. 1975-இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரால் மீண்டும் இலண்டன் சேர்ந்தவர் மாதங்கி அருட்பிரகாசம். மாயா என்றும் எம்.ஐ.ஏ. என்றும் அறியப்படுபவர். கலைக்கல்லூரியில் திரைப்படம் பயின்ற அவர், இலாஸ்டிகா என்னும் இண்டி கிட்டார்க் குழுவுக்கு 2000-இல் தட்டு உறை அமைத்து, அவர்களது பயணத்தைப் படமெடுக்கச் சென்றார். அப்பயணத்தில் உடன்வந்த பீச்சஸ் என்னும் பாடகி, ரோலண்ட் எம்.சி. 505 என்னும் தாளப்பொறியை அவருக்கு அறிமுகம் செய்தார். கிட்டார்க் குழுவின் பின்னால் படக்கருவியோடு நின்ற பெண் பொறியின் முன்னால் வந்து அமர்ந்தார். தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாகக் கொண்ட ‘அருளர்’ 2005-இலும், தாயின் பெயர் தாங்கிய ‘கலா’ 2007-இலும் வெளிவந்தன. இரண்டாவதில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’, இலண்டன் கிட்டார்க் குழுவான கிளாஷ், குடியேறிகளைப் பற்றி 1982-இல் வெளியிட்ட பாடலின் இசைத்துண்டைச் சுழலவிட்டு அதன்மேல் எழுப்பப்பட்டது. அதன் ஆசிரியர் வரிசையில் மாயாவின் பெயரோடு கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயர்களும் அச்சாகியுள்ளன. அந்நால்வருள் ஜோ ஸ்ட்ரம்மர் 2002-இலேயே காலமாகிவிட்டார்.