‘சகிப்பின்மை’ என்னும் படமும் சபையோர் தீர்ப்பும்

ஒரு கலைப்படைப்பின் வரலாறு அதனைப் படைத்தோன் வரலாற்றோடு முடிந்துவிடுவதன்று. கண்டோரும் கேட்டோரும் அதனை எவ்வாறு ஏற்றனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாம். ஆயின், படைத்தோன் பெயர் நூல்களில் நிலைபெற, கண்டோர் கருத்தோ ‘விளங்காதோர் கூற்று’ என ஒதுக்கப்படுதல் வழக்கமாயிற்று. இவ்வழக்கு நேரியதா என ஆராய்தற்கு ஏற்றதொரு சான்று, அமெரிக்க நெறியாளர் டி. டபிள்யூ. கிறிபித் (1875–1948) 1916ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இன்ரொலறன்ஸ்’ என்னும் மௌனப் படமாகும். ‘சகிப்பின்மை’ என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படம், நான்கு காலத்து நான்கு கதைகளை ஒன்றனோடொன்று பின்னிக் காட்டியது.

படம் தோன்றிய சூழலை முதற்கண் நோக்குவாம். 1915இல் கிறிபித் வெளியிட்ட ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் படம் பெரும்பொருள் ஈட்டியது. எனினும், அது கறுப்பின மக்களை இழிவாகச் சித்திரித்து, கு குளுக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கூட்டத்தாரை வீரராகக் காட்டிற்று. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் நிறுவப்பெற்ற தேசியச் சங்கம் அதனைக் கடுமையாக எதிர்த்தது. சில இடங்களில் படம் தடைசெய்யவும் பட்டது. கிறிபித் அவ்வெதிர்ப்பைப் பேச்சுரிமைக்கு நேர்ந்த இடையூறெனக் கொண்டு, 1916இல் அதுபற்றிச் சிறு நூலொன்றும் வெளியிட்டார். ஆதலின், முன்னைய படத்தின் குற்றத்துக்குக் கழுவாயாகவே ‘சகிப்பின்மை’யை அவர் படைத்தார் எனச் சிலர் கூறுவது பொருந்தாது. தம்மை எதிர்த்தோரையே அவர் சகிப்பற்றோராகக் கருதினார்.

இனி, அந்நான்கு கதைகளும் இவை: கி.மு. 539இல் பாரசீக மன்னன் சைரசுக்குப் பாபிலோன் வீழ்ந்த கதை ஒன்று. யூதேயாவில் இயேசுநாதர் சிலுவையில் அறையுண்ட கதை மற்றொன்று. 1572ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், புனித பாத்தலோமியோ திருநாளன்று, பாரிஸ் நகரில் புரட்டஸ்தாந்தர் கொலையுண்ட கதை பிறிதொன்று. நான்காவது அக்கால அமெரிக்கக் கதை. வேலைநிறுத்தத்தால் ஊரைவிட்டு நகர் புகுந்த இளைஞன் ஒருவன் செய்யாத கொலைக்காகத் தூக்குத் தண்டனை பெறுகின்றான். ஒழுக்கச் சீர்திருத்தம் பேசும் மாதர் அவன் மனைவியின் குழந்தையைப் பறித்துச் செல்கின்றனர். கதைகளுக்கிடையே, பெண்ணொருத்தி தொட்டிலாட்டும் காட்சி மீண்டும் மீண்டும் தோன்றும். அப்பெண்ணாக நடித்தவர் லிலியன் கிஷ் என்னும் புகழ்பெற்ற நடிகையாவர். காலங்கள் மாறினும் மனித இயல்பு மாறாதென்பதை உணர்த்துவதே அத்தொட்டிலின் கருத்து.

தொடக்கத்தில் ஒவ்வொரு கதையும் சற்று நீண்டு செல்லும். முடிவை அணுக அணுக, காட்சிகள் விரைந்து மாறும். குன்றின்மேல் நின்று பார்ப்போர்க்குத் தனித்தனியே தோன்றும் நான்கு அருவிகள் ஈற்றில் ஒரே பேராறாகக் கலப்பதுபோல இவை கலக்கும் என்பது கிறிபித் கூறிய விளக்கம். பாபிலோனுக்கு எச்சரிக்கை கொண்டு தேரிலே விரைவாள் ஒருத்தி. ஆளுநர் செல்லும் புகையிரதத்தைத் துரத்திக் கணவனுயிர் காக்க மோட்டார் வண்டியில் விரைவாள் மற்றொருத்தி. பாரிஸ் வீதிகளிலே தன் காதலியைக் காக்க ஓடுவான் ஒருவன். சிலுவை சுமந்து செல்வார் இயேசுநாதர்.

1916ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆந் திகதி, நியூயோர்க் நகரின் லிபேட்டி அரங்கில் இப்படம் முதன்முறையாகக் காட்டப்பெற்றது. பாபிலோன் மதில்களின் பேருருவைக் கண்டோர் வியந்தனர். பத்திரிகையாளர் பலர் காட்சியின் பெருமையைப் பாராட்டினர். அவர்களுட் சிலரே கதையமைப்புக் குழப்பந் தருவதெனக் குறையுங் கூறினர். தொடக்கத்தில் திரண்ட கூட்டம் நாளடைவிற் குறைந்தது. 1917 ஏப்பிரலில் அமெரிக்கா உலகப் போரிற் புகுந்தபின், சமாதானம் பேசிய படத்துக்கு நாட்டிலே செவிசாய்ப்போர் அருகினர். படம் உண்டாக்கிய கடன் கிறிபித்தைப் பல்லாண்டு வருத்திற்று. ஈற்றில், 1919இல், பாபிலோன் கதையையும் அமெரிக்கக் கதையையும் பிரித்தெடுத்து இருவேறு படங்களாக அவர் வெளியிட்டார். பின்னியவரே பின்னலை அவிழ்க்க நேர்ந்தது.

இது சபையோரின் அறியாமையால் விளைந்ததா? அவ்வாறு கொள்ளுதல் எளிது; உண்மையன்று. இரு நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிக் காட்டும் முறை அவர்களுக்குப் புதிதன்று. 1908ஆம் ஆண்டு முதல் கிறிபித் இயக்கிய குறும்படங்களிலேயே அவர்கள் அதனிற் பயிற்சி பெற்றிருந்தனர். ஆபத்தில் அகப்பட்டோரையும் அவரைக் காக்க விரைவோரையும் மாறிமாறிக் காணுங்கால், ‘அதே வேளையில்’ என்னும் தொடர்பை எவரும் சொல்லாமலே உணர்ந்தனர். ‘சகிப்பின்மை’யிலோ அத்தொடர்பு இல்லை. பாபிலோன் தேருக்கும் அமெரிக்கப் புகையிரதத்துக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தூரம் உண்டு. அவற்றை இணைப்பது கால ஒற்றுமையன்று, கருத்தொற்றுமை ஒன்றே. பழைய கண்ணுக்குப் புதிய இலக்கணம் கற்பிக்கப்பட்டது. கற்றற்குரிய அவகாசமோ ஒரு மாலைப்பொழுது மாத்திரமே.

வேறு காரணங்களும் உள. நூல் கற்போன் ஐயம் தோன்றியவிடத்துப் பக்கத்தைப் புரட்டித் தெளியலாம். அரங்கில் இருப்போனுக்கு அவ்வசதி இல்லை. ஒருத்தியின் துயரில் மனம் தோய்ந்த கணத்திலேயே காட்சி அறுபட்டால், இரக்கமும் உடன் அறுபடும். நான்கு கதைகளும் சம அளவின அல்ல. யூதேயக் கதையும் பிரெஞ்சுக் கதையும் குறுகிநிற்ப, ஏனைய இரண்டும் விரிந்துநின்றன. இவையெல்லாம் சபையோர் கற்பனையிற் கண்ட குறைகளல்ல. படத்தினுள்ளே இருந்த குறைகள்.

இப்படத்தை வேறொரு நோக்கிற் கண்டோர் சோவியத் உருசிய இளைஞர். 1919ஆம் ஆண்டளவில் அங்கே இது காட்டப்பெற்றது. படச்சுருளுக்குப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில், குலெசோவ் முதலியோர் காட்சிகளை வெட்டி இணைக்கும் நுட்பத்தை இத்தகைய படங்களை ஆராய்ந்தே பயின்றனர். இரசாயனம் கற்ற புடோவ்கின் இப்படத்தைக் கண்டு பெரிதும் கவரப்பட்டுத் திரைத்துறையை நாடினார். ஐசென்ஸ்ரைன், 1944இல் சாள்ஸ் டிக்கன்சையும் கிறிபித்தையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையிலே, தம் தலைமுறை கிறிபித்துக்குப் பட்ட கடனை வெளிப்படக் கூறினார். ஆயினும், நான்கு கதைகளும் ஒரு கருத்தாக உருகி ஒன்றாகவில்லை, தனித்தனியே நின்றுவிட்டன என்பதே அவர் கண்ட குறை. நியூயோர்க் அரங்கிலிருந்து குழம்பி வெளியேறியவன் உணர்ந்ததும் அதுவேயன்றோ! இருவர் தீர்ப்பும் ஒன்றே. குறையைக் கண்டபின் ஆற்றிய செயலே வேறு. ஒருவன் வீடு சென்றான். மற்றவர் அதனைத் தம் பட்டறைக்குக் கொண்டுசென்று, திருத்தும் வழியைத் தேடினார்.

பின்னர் காலம் சபையோரையும் பயிற்றிற்று. 1923இல் பஸ்ரர் கீற்றன் ‘மூன்று யுகங்கள்’ என்னும் நகைச்சுவைப் படத்தில் இம்முறையையே எள்ளலுக்குரிய பொருளாக்கினார். 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு முதன்முதல் தெரிந்தெடுக்கப்பட்ட 25 படங்களுள் ‘சகிப்பின்மை’யும் ஒன்றாயிற்று. எனினும், 96 ஆண்டுகளுக்குப் பின், 2012இல், ஆறு காலத்து ஆறு கதைகளைப் பின்னிய ‘கிளவுட் அற்லஸ்’ என்னும் படம் வெளிவந்தபோது, அவ்வாண்டின் சிறந்த படமெனச் சிலரும் தாழ்ந்த படமெனச் சிலரும் முரண்பட்டனர். பின்னற் கதை என்றும் காண்போரிடத்துப் பேருழைப்பை வேண்டி நிற்பது என்பது இதனாற் பெறப்படும்.

புதுமையைக் கண்டு குழம்பினோரை மூடரென இகழ்தலும், வசூல் குறைந்தமையால் படைப்பைத் தாழ்ந்ததென முடித்தலும் வரலாற்று மாணவர்க்குத் தகா. 1915இல் எதிர்த்தோர் குரலைக் கிறிபித் செவிமடுத்திலர். 1916இல் அவர் படைப்பைச் சபையோர் முற்றும் ஏற்றிலர். முன்னையதிலே சபையில் ஒரு பகுதியார் நீதி கேட்டனர். பின்னையதிலே விளக்கம் கேட்டனர். இரண்டும் கேட்கத்தக்க குரல்களே. சகிப்பின்மையைப் பற்றிப் படமெடுத்தவர், தம் முன் இருந்தோர் கூறியதைச் சகித்துக் கேட்டிருப்பின், அப்படம் இன்னும் சிறந்திருக்கும் எனல் மிகையாகாது.