கலியாணக் கணக்கு

கதை எழுதுகிறவனுக்குக் கலியாணம் மிகவும் சௌகரியமான விஷயம். இரண்டு பேரைச் சந்திக்க வைத்து, நானூறு பக்கம் அலைக்கழித்து, கடைசி அத்தியாயத்தில் கெட்டிமேளம் கொட்டச் செய்துவிட்டால் போதும். வாசகர்கள் திருப்தியோடு புத்தகத்தை மூடிவைப்பார்கள். சரித்திரக்காரர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. எந்தச் சீமையில், எந்த வயதில், எத்தனை பேருக்குக் கலியாணம் ஆயிற்று, எத்தனை பேருக்கு ஆகவில்லை என்று அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கோ சீமைக்குச் சீமை மாறுகிறது. ஏன் மாறுகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் செங்கற்பட்டுச் சீமையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகும் கடலோரச் சாலையில் திருவிடந்தை என்ற திவ்ய தேசம் இருக்கிறது. அங்கே எழுந்தருளியிருக்கும் வராகப் பெருமாளுக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று திருநாமம். காலவ முனிவருக்கு 360 பெண்கள். பெருமாள் பிரம்மசாரியாக வந்து, நாளுக்கு ஒருத்தியாக அத்தனை பேரையும் மணந்துகொண்டார் என்பது ஸ்தல புராணம். பெண்ணைப் பெற்றவர்களின் கவலையை இவ்வளவு நன்றாக அறிந்த புராணம் வேறு உண்டோ? வரன் அமையாத பெண்களும் பிள்ளைகளும் இன்றும் அங்கே மாலையணிந்து ஒன்பது முறை பிராகாரத்தை வலம் வருகிறார்கள். கலியாணமானதும் அந்த வாடிய மாலையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு தம்பதியாக வந்து பிரார்த்தனையை நிறைவேற்றுகிறார்கள்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே போனால் செங்கற்பட்டு நகரம். அங்கே 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியது. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் அங்கே நிறைவேற்றிய தீர்மானங்கள் பல கலியாணத்தைப் பற்றியவை. பெண்களின் விவாக வயது 16-க்கு மேற்பட வேண்டும். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளத் தடை கூடாது. பிடிக்காத கணவனை விட்டு விலகப் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. சொத்தில் பெண்ணுக்குச் சம பாகம் வேண்டும் என்றும், ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் பெண்களையே உபாத்தியாயர்களாக நியமிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

கலியாணத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் சொத்தையும் பள்ளிக்கூடத்தையும் எதற்காக இழுத்தார்கள்? நம் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுகொள்ள முதலில் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வர வேண்டும்.

கலியாணம் கூடுவது குருபலத்தால் என்பது நம்மவர் நம்பிக்கை. வானத்துக் குரு எல்லாச் சீமைக்கும் ஒருவர்தானே? ஆனால் குஜராத்தில் கடவா குன்பிச் சமூகத்தார் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஒன்பது, பத்து, பதினோரு வருஷங்களுக்கு ஒரு முறைதான் முகூர்த்தம் வைத்தார்கள். அந்த நாளை விட்டால் இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதால் தொட்டில் குழந்தைகளுக்குக்கூட விவாகம் நடந்தது. வரன் கிடைக்காத பெண்ணைப் பூச்செண்டு ஒன்றுக்கு மணம் செய்துவைத்து, பூச்செண்டைக் கிணற்றில் எறிந்துவிடுவார்கள். விதவையாகிவிட்ட அந்தப் பெண்ணுக்கு மறுமணம் செய்ய முகூர்த்தம் தேவையில்லை! கட்டுப்பாட்டைச் செய்தவனே கதவிடுக்கையும் வைத்திருக்கிறான்.

ஐரோப்பாவில் வேறு விதம். லெனின்கிராடிலிருந்து டிரியெஸ்ட் வரை ஒரு கோடு போட்டால், அதற்கு மேற்கே பல நூற்றாண்டுகளாகப் பெண்கள் தாமதமாகவே மணந்தார்கள், பத்தில் ஒருவருக்குக் குறையாமல் மணக்காமலே இருந்துவிட்டார்கள் என்று ஜான் ஹஜ்னல் என்ற அறிஞர் 1965-இல் எடுத்துக்காட்டினார். அயர்லாந்தில் இது உச்சத்துக்குப் போயிற்று. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு, நிலத்தைத் துண்டு போட்டால் அழிந்துபோவோம் என்று பயந்து ஒரே மகனுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கப்பலேறினார்கள், அல்லது கன்னியாகவே நரைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடுவயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கலியாணம் ஆகவில்லை.

அயர்லாந்து வரை போவானேன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். மலையாளத்து நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் மட்டுமே ஸ்வஜாதியில் வேளி கழிக்கலாம். தம்பிமார் நாயர் வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள். இல்லத்துச் சொத்து பிரியாமல் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை கிடைக்காத பெண்கள் அடுக்களை இருட்டிலேயே ஆயுளைக் கழித்தார்கள். அந்த அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு வரும்படி வி. டி. பட்டதிரிப்பாடு நாடகம் போட்டு அழைத்ததும் அதே 1929-இல்தான். எல்லா மகன்களும் மணக்கலாம் என்று சட்டம் வந்தது 1930-களில்.

ஆகவே, கலியாணம் குறைவாக நடக்கும் நாட்டில் பெண் சுதந்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. அதிகமாக நடக்கும் நாட்டில் சந்தோஷமாக இருக்கிறாள் என்றும் சொல்வதற்கில்லை. எண்ணிக்கையை நிர்ணயிப்பது ஆசையுமல்ல, நட்சத்திரமுமல்ல, பெரும்பாலும் நிலம்.

நிலத்துக்கு அடுத்தது உறவு. தமிழ்ப் பெண் மாமியாரை என்னவென்று கூப்பிடுகிறாள்? அத்தை. மாமனாரை? மாமா. பிறந்த வீட்டுச் சொற்களே புகுந்த வீட்டுக்கும் போதும். ஏனென்றால் பல குடும்பங்களில் இரண்டும் ஒரே உறவு. வடக்கிலோ பெண்ணைத் தெரியாத ஊரில், தெரியாத குடும்பத்தில் கொடுப்பதுதான் வழக்கம். இந்த வித்தியாசத்தை ஐராவதி கார்வே 1953-இல் விரிவாக எழுதினார். அந்நிய வீட்டுக்குப் போகிறவள் சின்ன வயதிலேயே போனால்தான் வளைந்துகொடுப்பாள் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. தெற்கே அந்த அவசரம் குறைவு என்று 1983-இல் டைசன், மூர் என்ற இருவர் கணக்கோடு வாதித்தார்கள். இதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். முறைப்பெண் என்று பிறந்த அன்றே பேசி முடிக்கப்பட்டவள் வாய் திறக்க முடியாத கதைகளும் நம்மிடம் உண்டு. பெண் பருவமடையும் முன்பே மணம் முடிக்கும் கொடுமையும் இங்கே இருந்தது. அதற்குப் பலியான விதவைக்காகத்தான் அ. மாதவையா 'முத்துமீனாட்சி' எழுதினார்.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா? சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்தது. 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. இடையில் கிடைத்த மாதங்களில் தேசமெங்கும் மேளச் சத்தம் ஓயவில்லை! 15 வயதுக்குட்பட்ட மனைவியர் 1921-இல் சுமார் 85 லட்சம். 1931 ஜனத்தொகைக் கணக்கிலோ ஒரு கோடி இருபது லட்சத்துக்கு மேல். குழந்தை மணத்தைத் தடுக்க வந்த சட்டம் அந்தச் சில மாதங்களுக்குக் குழந்தை மணத்தைப் பெருக்கிவிட்டது.

செங்கற்பட்டில் கூடியவர்கள் வயதோடு நிற்காமல் சொத்தையும் படிப்பையும் கேட்டதன் அர்த்தம் இப்போது விளங்குகிறதல்லவா? ஆனால் கேட்டது கிடைக்க 60 வருஷம் ஆயிற்று. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு கொடுத்தது. அதிலும் ஒரு வேடிக்கை: சட்டம் வருவதற்கு முன்பே மணமான பெண்களுக்குப் பங்கில்லை. தாலி ஏறிய கழுத்தைப் பார்த்துச் சட்டமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தக் குறை 2005-இல் தேசம் முழுவதற்குமான திருத்தத்தால் நீங்கியது. அதே 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் படித்திருந்தால்தான் பணம் என்றது. 2022-இல் அதுவே கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியது. கலியாணப் பணம் படிப்புப் பணமாயிற்று.

இன்று தேசம் முழுவதும் பெண்ணுக்கு விவாக வயது 18. சட்டம் ஒன்று, கணக்கு ஒன்றல்ல. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 நிரம்பும் முன்பே மணமானவர்கள் மேற்கு வங்கத்தில் நூற்றுக்கு 41.6, பீகாரில் 40.8, தமிழ்நாட்டில் 12.8, கேரளத்தில் 6.3. தமிழ்நாட்டுக் கணக்கு ஆறுதல் தரலாம். ஆனால் நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது வெறும் புள்ளி அல்ல. பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடக்கும் பன்னிரண்டு இடங்கள்.

360 பெண்களையும் கரையேற்ற முனிவருக்குப் பெருமாள் வந்தார். மற்றத் தகப்பன்மாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் பெண்ணுக்குக் கொடுக்கக்கூடியது ஒரு பங்கு நிலமும் நாலெழுத்துப் படிப்பும், பிறந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்ற தைரியமும்தான். அவை இருந்தால், கலியாணம் எப்போது என்பதைப் பெண்ணே பார்த்துக்கொள்வாள்.