விலைபோகாத வெள்ளிப் பெட்டியும் பத்து ராகங்களும்

"மிஷின் வந்து சங்கீதத்தைக் கெடுத்துடுச்சு" என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. எலக்ட்ரானிக் கருவிகளால் இசைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டிபி-303 கதையைத்தான்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் விட்ட சின்ன வெள்ளிநிறப் பெட்டி அது. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கு, ஆளுக்குப் பதில் பெட்டி. அவ்வளவுதான் நோக்கம். ஆனால் அதன் சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை! ஸ்வரங்களை உள்ளே ஏற்றுவதும் பெரிய தலைவலி. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அதை ஆரம்பத்திலேயே வாங்கியவர்களில் ஒருவர் பம்பாயின் சரண்ஜித் சிங். இந்தி சினிமா ஒலிப்பதிவுகளில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். அப்போது ஊரெங்கும் டிஸ்கோ மோகம். 'குர்பானி' வந்தது 1980-இல். இவர் என்ன செய்தார் தெரியுமா? டிபி-303, டிஆர்-808 தாளப்பெட்டி, ஜுபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். 1982-இல் கிராமபோன் கம்பெனி ரெக்கார்டாக வெளியிட்டது. பைரவ், யமன், பூபாலி, மால்கவுன்ஸ் எல்லாம் உண்டு. நம் கணக்கில் மாயாமாளவகௌளை, கல்யாணி, மோகனம், இந்தோளம்னு வெச்சுக்கலாம்.

இதில் நான் கவனித்தது வேலைப் பங்கீடு. மாறாத தாளமும் திரும்பத் திரும்ப வரும் அடிநாதமும் இயந்திரத்திடம். ராகம் மட்டும் கையில். தம்பூராவும் தபலாவும் பாடகருக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுதானே! டிபி-303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் 'ஸ்லைடு' வசதி உண்டு. பேஸ் கிட்டாருக்காக வைத்தது, இங்கே மீண்டு, ஜாரு மாதிரி காதில் விழுகிறது. குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளுக்குள் தோடியின் நுண்ணிய அசைவுகள் அடங்காது. அந்த இடங்கள் தட்டையாகத்தான் ஒலிக்கின்றன.

ரெக்கார்டு விற்கவில்லை. எல்லாரும் மறந்தே போனார்கள்.

இதற்கிடையே சிகாகோவில், மலிவான செகண்ட் ஹேண்ட் சரக்காகிவிட்ட அதே பெட்டி ஃபியூச்சர் என்ற குழுவின் கைக்கு வந்தது. அவர்கள் பேஸ் கிட்டாரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. குமிழ்களைத் திருகித் திருகி, கீச்சிட்டு நெளியும் ஒரு ஒலியை எடுத்தார்கள். 1987-இல் வந்த 'ஆசிட் ட்ராக்ஸ்' ஒரு இசைவகைக்கே பெயர் கொடுத்தது. 2010-இல் சரண்ஜித்தின் ரெக்கார்டு மறுவெளியீடு ஆனதும், "இது அஞ்சு வருஷம் முன்னாடியே பம்பாயில் வந்துடுச்சா!" என்று வெளிநாட்டு ரசிகர்கள் அசந்துபோனார்கள். சிகாகோக்காரர்கள் இதைக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. இரண்டு ஊரில், இரண்டு தேவைக்காக, ஒரே பெட்டி. 2015-இல் காலமாவதற்கு முன் சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் இந்த ராகங்களை மறுபடி வாசித்தார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிந்தசைசர்கள் பெருகப் பெருக, பம்பாயிலும் சென்னையிலும் ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை போனது. வயலின்காரர் இருபது பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரு கீபோர்டு. அந்த இழப்பு நிஜம். "புதுமை"ன்னு சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். ஆளுக்குப் பதிலாக நிறுத்தியபோது டிபி-303 தோற்றது. நல்ல பேஸ் கலைஞரின் பக்கத்தில்கூட அது வர முடியவில்லை. எந்த வாத்தியமும் தராத ஒலியை அதனிடம் கேட்டபோதுதான் அது வாத்தியமாயிற்று. எலக்ட்ரானிக் கருவியை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான்: வயலின் மாதிரியே கேட்கிறதா என்பதல்ல, வயலினால் முடியாத எதை அது செய்கிறது என்பது.