கட்டியோர் பெயர் எங்கே? சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றுச் சின்னங்கள்: ஒரு நோக்கு

முன்னுரை

மாணவர்களை அரும்பொருளகத்திற்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் அழைத்துச் செல்லும் கற்றல் பயணம் சிங்கப்பூர்த் தமிழாசிரியர்க்குப் பழகிய பணியாகும். பயணம் முடிந்ததும், கண்ட பொருள்களைப் பட்டியலிடுமாறு மாணவரிடம் கேட்கிறோம். அப்பொருளைச் செய்தவர் யார், அவர் பெயர் ஏன் விளக்கப் பலகையில் இல்லை என்று கேட்பது அரிது. சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இவ்வினா இன்றியமையாதது. ஏனெனில், இந்நகரின் தொடக்கக் காலக் கட்டடங்கள் பலவற்றை எழுப்பியோர் பெயரின்றியே மறைந்து போயினர். நகரின் சின்னங்கள் சிலவற்றை நேரிற் கண்டு, அவை யாருடைய நினைவைக் காக்கின்றன, யாருடைய நினைவைத் தவறவிடுகின்றன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பீட்டிற்காகப் போலந்து நாட்டின் வார்சா நகரையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம்.

கதவுநிலையும் செங்கல்லும்

லிட்டில் இந்தியா வட்டாரம் 1989ஆம் ஆண்டு மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு மே மாதம் இந்திய மரபுடைமை நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அந்நிலையத்தின் திரட்டில் பலரும் வியந்து நோக்கும் பொருள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செட்டிநாட்டு மரக்கதவு நிலையாகும். ஏறத்தாழ 5,000 நுண்ணிய உருவங்கள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. அதன் முன் நிற்கும்போது, கடல் கடந்து பொருளீட்டிய வணிகரின் வளம் நம் கண்முன் தோன்றுகிறது. அதனைச் செதுக்கிய தச்சரின் பெயரை அக்கதவு நமக்குக் கூறுவதில்லை.

அந்நிலையத்தை விட்டு வெளியே வந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் வேறொரு வரலாறு காலடியில் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இச்சாலையை ஒட்டிச் செங்கற்சூளைகள் இயங்கின. அவற்றுள் அரசாங்கச் சூளையில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825ஆம் ஆண்டு பென்கூலனிலிருந்து அவர்களின் முதற்குழுவினர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களைச் சேர்ந்தோர் அவர்களுள் இருந்தனர். தமிழரும் அவர்களுள் அடங்குவர். கைதிகளைக் கொண்டு பணிசெய்விக்கும் இம்முறை 1873ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது.

அவர்களின் உழைப்பைக் காண லிட்டில் இந்தியாவைக் கடந்து நகர மையத்திற்குச் செல்லவேண்டும். 1862ஆம் ஆண்டு புனிதப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவர்களுக்கு வெண்மை தந்தது நம் நாட்டார் நன்கறிந்த சுண்ணச்சாந்து. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் கலந்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் நாம் காணும் பளபளப்பிற்கு நெருங்கிய உறவுடைய தொழில்நுட்பம் இது. எனவே, ஆங்கிலேயரின் ஆலயம் எனப் பொதுவாக அறியப்படும் அக்கட்டடத்தைத் தென்னிந்தியக் கைவினையின் சான்றாகவும் நாம் படிக்கலாம். தமிழ் மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பரவலாகவேண்டும் என்பது எம் கருத்து.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

1819ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் வந்திறங்கிய நாராயண பிள்ளை, செங்கற்சூளை நடத்தியவர், கட்டட ஒப்பந்தக்காரர் எனப் பதிவு பெற்றுள்ளார். 1827ஆம் ஆண்டு சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலை எழுப்பியவரும் அவரே. இன்று சீனர் நகரின் நடுவே நிற்கும் அக்கோயில் 1973ஆம் ஆண்டு தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் கோபுரத்தைக் கொண்டே பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு எனப் பெயர் அமைந்தது. சற்றுத் தொலைவில் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா நிற்கிறது. நாகூர் ஆண்டவரை நினைந்து சோழமண்டலக் கரையோர முஸ்லிம்கள் எழுப்பியது அது. கட்டப்பட்ட காலத்தில் அதன் முன் கடல் அலை வீசியது. நிலமீட்பிற்குப் பின் கடல் வெகுதூரம் விலகிவிட்டது. தமிழர் வரலாறு லிட்டில் இந்தியாவிற்குள் மட்டும் அடங்குவதன்று என்பதற்கு இவ்விரு சின்னங்களே போதிய சான்று.

நிறுவியோர் பெயர் பெற்றனர். உழைத்தோர் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சினர். கைதிகளைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அவர்களை மேற்பார்த்த அதிகாரி மெக்நேர் 1899ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வழியே கிடைப்பவை. அந்நூல் அரிய தகவல்களைத் தருகிறது. எனினும், அது காவலரின் கண்கொண்டு எழுதப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கே வார்சா நகரின் சான்று நமக்கு ஒளியூட்டுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அந்நகரின் யூதர்கள் மதிற்சுவருக்குள் அடைக்கப்பட்டனர். எம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் தலைமையில் ஒரு குழுவினர் அன்றாட நிகழ்வுகளையும் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் இரகசியமாகத் திரட்டி, உலோகப் பெட்டிகளிலும் பாற்குவளைகளிலும் இட்டு மண்ணில் புதைத்தனர். 1946ஆம் ஆண்டிலும் 1950ஆம் ஆண்டிலும் அவற்றுள் இரு பகுதிகள் தோண்டியெடுக்கப்பட்டன. தம் வரலாற்றைப் பகைவர் மட்டுமே எழுதிவிடக் கூடாது என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சமே அவ்வாவணத்தைப் பிறப்பித்தது. சிங்கப்பூர்க் கைதிகளுக்கு அத்தகைய வாய்ப்பு இருந்ததில்லை. எழுதத் தெரிந்தோர் அவர்களுள் இருந்திருப்பினும் அவர்களின் எழுத்து நம் கைக்கு எட்டவில்லை.

அழிந்தவையும் மீண்டும் எழுந்தவையும்

அழிவு மற்றொரு வினாவை எழுப்புகிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள மணற்கல் ஒன்று நின்றது. ஏறக்குறைய 50 வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. 1843ஆம் ஆண்டு ஆங்கிலேய அதிகாரிகள் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டொன்று இன்று தேசிய அரும்பொருளகத்தின் திரட்டில் உள்ளது. அதன் எழுத்து இன்றும் ஐயமறப் படிக்கப்படவில்லை. தமிழகத்தோடு அதனை இணைத்துப் பேசும் கருத்துகளும் உள. ஆயினும், முடிவு காணாத ஒன்றை முடிவாகக் கற்பித்தல் ஆசிரியர்க்குத் தகாது.

1945ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் எஸ்பிளனேடில் இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச்சின்னத்திற்குச் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டே மீண்டுவந்த ஆங்கிலேயர் அதனை இடித்தழித்தனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களின் நினைவும் அச்சின்னத்தோடு சேர்ந்தது. 1995ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைக் கழகம் அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல்லை நிறுவியது. சின்னம் இல்லாத இடத்திலும் நினைவு நிற்க இயலும் என்பதை அக்கல் உணர்த்துகிறது.

அவ்வாறாயின், மீண்டும் கட்டப்பட்டதைப் பழமை எனலாமா? 1859ஆம் ஆண்டு நகரத்தார் டேங்க் சாலையில் அமைத்த தெண்டாயுதபாணி கோயில் முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்டு 1983ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. 2014ஆம் ஆண்டு அது தேசிய நினைவுச்சின்னமாயிற்று. கட்டடத்தின் வயதை மட்டும் கருதுவோர்க்கு இது முரணாகத் தோன்றலாம். வார்சாவின் பழைய நகரமும் இத்தகையதே. 1944ஆம் ஆண்டு எழுச்சியின்போதும் அதனை அடுத்தும் நாஜிப் படையினர் அதனைத் தரைமட்டமாக்கினர். மக்கள் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் போருக்கு முந்தைய அளவைப் படங்களையும் கொண்டு அதனை மீண்டும் எழுப்பினர். 1980ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மீட்டெழுப்பிய மக்களின் உறுதியே அங்கு மரபாக மதிக்கப்பட்டது. சிராங்கூன் சாலையின் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று காவடியேந்திப் புறப்படும் அடியார்கள் டேங்க் சாலையைச் சென்றடைகின்றனர். கல் மாறியது, வழி மாறவில்லை. தொடர்ந்து வாழும் வழக்கமும் வரலாற்றுச் சான்றே என்பதை இவ்விரு நகரங்களும் காட்டுகின்றன.

ஆசிரியர்க்குரிய பணி

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவதாக, கற்றல் பயணத்தை அரும்பொருளகத்தோடு நிறுத்தாமல் பேராலயம், தர்கா, சீனர் நகரத்துக் கோயில் ஆகியவற்றையும் இணைத்து அமைத்தல் நன்று. இரண்டாவதாக, ஒவ்வொரு சின்னத்தின் முன்னும் நிறுவியவர், உழைத்தவர், பதிவு செய்தவர் ஆகிய மூவரையும் தனித்தனியே வினவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்த்தல் வேண்டும். மூன்றாவதாக, தமிழ்ச் சான்றுகளை நாடுதல் வேண்டும். ஸ்டாம்பர்டு சாலையில் அரும்பொருளகக் கட்டடம் திறக்கப்பட்ட அதே 1887ஆம் ஆண்டில்தான் மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு ‘சிங்கை நேசன்’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. 1890ஆம் ஆண்டு வரை வெளிவந்த அவ்விதழ், அக்காலத் தமிழர் தம்மைப் பற்றித் தாமே தமிழில் எழுதிய பதிவாகும். அதனை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் மாணவர்க்குப் பெரும்பயன் தரும்.

முடிவுரை

கைதிகளின் குரலை இனி நாம் மீட்க இயலாது. ஆனால், துறைமுகத்திலும் கட்டுமானத் தளங்களிலும் அங்காடிகளிலும் உழைத்த முதியோர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் அரசுப் பணி 1979ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அப்பணிக்குத் துணையாக, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் அவர் கட்டியதையோ சுமந்ததையோ விற்றதையோ கேட்டு, பெயரோடும் ஆண்டோடும் எழுதிவைக்கலாம். வார்சாவில் சிலர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த பணியை நாம் அமைதியாக அமர்ந்து செய்யும் பேறு பெற்றுள்ளோம். அதனைத் தவறவிட்டால், நாளைய அரும்பொருளகத்திலும் கதவுநிலை இருக்கும். அதனைச் செய்தவர் பெயர் இராது.